பாதி பாட்டில் மிஞ்சாமல்: உலக உணவுச் சந்தாப் பெட்டிக்கு ஒரு டர்பன் வழிகாட்டி

என் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காலத்தில் 11 பாட்டில்கள் நின்றன. கொரிய மிளகாய் விழுது, துனிசிய ஹரிஸா, இத்தாலிய ஆலிவ் விழுது, பெயரைப் படிக்கவே முடியாத ஒரு கடுகு. எல்லாமே பாதி. மூன்று மாதச் சந்தா கட்டி வரவழைத்தவை. பெட்டி பிரித்த அன்றைக்கு மட்டும் வீடு திருவிழா மாதிரி இருக்கும். மறுநாள் பார்த்தால் பழையபடி சாம்பார், டின் ஃபிஷ், ரொட்டி. பாட்டில்கள் கதவிலேயே நின்று வயதாகிப் போயின.

அதற்குப் பிறகு சந்தா கட்டும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். இப்போது டர்பனில் மெர்பேங்க், சாட்ஸ்வொர்த் பக்கத்து நண்பர்கள் "எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்கும்போதெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பெட்டி பிரிக்கிற நாளை நினைத்துக் காசு கட்டாதீர்கள், மாதக் கடைசி ஃப்ரிட்ஜை நினைத்துக் கட்டுங்கள். கீழே இருப்பதெல்லாம் அதை ஒட்டித்தான்.

முதலில் எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சந்தாப் பெட்டி என்றால், மாதாமாதம் காசு கட்டினால் அவர்களே தேர்ந்தெடுத்த உணவுப் பொருள்களை ஒரு பெட்டியில் கட்டி வீட்டுக்கு அனுப்புவது. என்ன வரும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரியாது. அதுதான் சுவாரசியம், அதுதான் தொல்லையும்.

இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று கொறிப்பான்கள்: சிப்ஸ், பிஸ்கட், மிட்டாய், சாக்லேட். யுனிவர்சல் யம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மாதம் ஒரு நாடு என்று எடுத்துக்கொண்டு அனுப்புவது இந்த வகை. பிரித்த வாரமே பிள்ளைகள் காலி செய்துவிடுவார்கள், மிச்சம் என்ற பேச்சே வராது. இன்னொன்று சமையல் பெட்டி: எண்ணெய், விழுது, மசாலா, பாஸ்தா, அரிசி வகை, பாட்டிலில் ஊறியவை. 'கூர்மே', அதாவது உயர்ரகம், என்று பெயர் போட்டு விலை ஏற்றுவது பெரும்பாலும் இதற்குத்தான். அடுப்பு ஏற்ற நேரமும் மனசும் இருக்கிற வீட்டுக்கு மட்டுமே இது சரிப்படும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டையும் கலந்த பெட்டியை எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டிலும் பாதிப் பாதிதான் கிடைக்கும்.

இன்னொரு வேறுபாடு நமக்கு முக்கியம். பெட்டி தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே கட்டப்படுகிறதா, கடல் தாண்டி வருகிறதா? உள்ளூரில் கட்டுகிறவர்கள் ஏற்கெனவே இறக்குமதியான பொருள்களை வாங்கிப் பெட்டியில் வைக்கிறார்கள். சுங்கம், வரி எல்லாம் அவர்கள் தலைவலி. முதல் பெட்டி உள்ளூர்ப் பெட்டியாகவே இருக்கட்டும்.

காசு கட்டும் முன் ஒரு ஒத்திகை

பெரிய சூப்பர்மார்க்கெட்டில் வெளிநாட்டு உணவுக்கென்று ஒரு தட்டு இருக்கும். இதுவரை வாங்காத மூன்று பொருள்களை அதிலிருந்து எடுத்து வாருங்கள். நான்கு வாரம் கொடுங்கள். மூன்றும் தீர்ந்தால் சந்தா கட்டலாம். ஒன்றுகூடத் தீரவில்லை என்றால் உங்களுக்குப் பிடித்தது வாங்குவது மட்டும்தான் என்று அர்த்தம். அதுவும் தப்பில்லை, ஆனால் அதற்குக் கொறிப்பான் பெட்டி போதும்.

லேபிள்: நம் வீட்டுக்கு என்று ஒரு கண்

சமையல் பெட்டியில் நாம் சறுக்குகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு புரட்டாசியில் எனக்கு நடந்தது. இங்கே புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாத வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். என் மனைவி வீட்டுப் பெரியம்மா சாப்பிட வந்திருந்தார். பெட்டியில் வந்த தாய்லாந்துப் பச்சைக் கறி விழுதில் தேங்காய்ப்பால் ஊற்றி, கத்தரிக்காயும் பூசணியும் போட்டுக் குழம்பு வைத்தேன். பெரியம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாத்திரம் கழுவும்போதுதான் காலி பாக்கெட்டின் பின்பக்கம் என் கண்ணில் பட்டது: இறால் விழுது, நான்காவது பொருளாக. முன்பக்கத்தில் எலுமிச்சைப் புல்லும் பச்சை மிளகாயும் படமாக அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தன. பெரியம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இந்தியப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்தே பழகிய கண் நமக்கு. வெளிநாட்டு லேபிளில் அதைத் தேடாதீர்கள், பொருள் பட்டியலைப் படியுங்கள். சைவ வீடுகள் கவனிக்க வேண்டியவை: தாய்லாந்துக் கறி விழுதுகளில் இறால் இருப்பது வழக்கம். கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாயில் பெரும்பாலும் மீன் சாஸோ ஊறவைத்த இறாலோ சேர்ந்திருக்கும். வூஸ்டர் சாஸில் நம் புளியும் உண்டு, கூடவே நெத்திலி மாதிரி ஒரு மீனும் உண்டு. ஜப்பானியச் சிப்ஸிலும் சூப்புப் பொடியிலும் பொனிட்டோ என்ற மீனின் சாறு மறைந்திருக்கலாம். அசல் பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுத்த ரென்னெட்டால்தான் உறைய வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் பார்மிஜானோ சேர்ந்த பெஸ்டோ என்ற இத்தாலியத் துளசி விழுதும் சைவம் ஆகாது. ஜெல்லி மிட்டாய் என்றால் பெரும்பாலும் ஜெலட்டின், விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. இ120 என்று பார்த்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம். மாட்டிறைச்சி தொடாத வீடுகள் மாட்டுக் கொழுப்பில் பொரித்த சிப்ஸையும் பார்த்து வாங்க வேண்டும்.

ஒவ்வாமை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் பெட்டியின் பிறந்த ஊரையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். அமெரிக்காவில் 9 தான். அதில் எள் சேர்ந்ததே 2023இல். அதற்கு முன்பு அச்சான லேபிளில் எள் வெறும் 'மசாலா' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கலாம். லேபிள் முழுக்கக் கொரிய மொழியிலோ ஜப்பானிய மொழியிலோ இருந்தால் கைபேசி கேமராவில் மொழிபெயர்த்துப் பார்க்கலாம். ஆனால் உயிர் போகிற ஒவ்வாமைக்கு அந்த மொழிபெயர்ப்பை நம்பக் கூடாது. அந்தப் பாக்கெட்டை அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

தேதியும் ஒரு சின்னப் புதிர். 03/04 என்று அமெரிக்கப் பாக்கெட்டில் இருந்தால் அது மார்ச் 4, ஏப்ரல் 3 இல்லை. ஜப்பானியப் பாக்கெட்டில் ஆண்டு முதலில் வரும். 'பெஸ்ட் பிஃபோர்' தேதி ருசிக்கும் மொறுமொறுப்புக்கும், தாண்டினால் உடனே விஷமாகிவிடாது. 'யூஸ் பை' என்றிருந்தால் தாண்டக் கூடாது.

உண்மையான விலையைப் போட்டுப் பாருங்கள்

கடல் தாண்டி வரும் பெட்டிதான் வேண்டும் என்றால் விளம்பரத்தில் இருக்கும் டாலர் விலையை மறந்துவிட்டு, ராண்டில் ஒரு கணக்கு எழுதுங்கள்.

இறக்குமதிக்கு வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, 15 சதவீதம். ஆனால் அது பொருளின் விலை மேல் மட்டும் விழுவதில்லை. பொருளின் மதிப்போடு அதில் 10 சதவீதம் கூட்டி, சுங்கவரியும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல்தான் வாட். உதாரணத்துக்குப் பொருளின் மதிப்பு 800 ராண்ட், சுங்கவரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 800, அதில் பத்து சதவீதம் 80, வரி 160, ஆக 1040. அதில் 15 சதவீதம் 156. வரியும் வாட்டும் சேர்ந்து 316 ராண்ட் கூடுதல். இதோடு அனுப்பும் செலவு, சுங்கத்தில் எடுத்துக் கொடுப்பதற்குக் கூரியர்காரர் கேட்கும் கட்டணம், வெளிநாட்டுப் பணத்தில் கட்டியதற்கு வங்கி பிடித்துக்கொள்வது எல்லாம் தனி. சுங்கவரி பொருளுக்குப் பொருள் மாறும், பிஸ்கட்டுக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று. அதனால் 'வரி உட்பட விலை' என்று சொல்கிற நிறுவனமாகப் பார்த்துக் கட்டுவது நிம்மதி.

'கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள்' என்று யாராவது அண்ணன் யோசனை சொல்வார். கேட்காதீர்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது பரிசு ஆகாது, பொய் அறிவிப்பு என்றாகிவிடும்.

வரியைவிடப் பெரிய வில்லங்கம், சில பொருள்கள் வரவே முடியாது. இறைச்சி, பால் பொருள், விதைகள், தேன் போன்றவற்றுக்கு விவசாயத் துறையின் இறக்குமதி அனுமதி வேண்டும். தேனுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: இங்குள்ள தேனீக்களுக்கு நோய் பரவாமல் இருக்கக் கதிர்வீச்சுப் பாய்ச்சியிருக்க வேண்டும். நியூசிலாந்துத் தேன் ஒரு சின்னப் பாட்டில் உள்ளே இருந்ததற்காக முழுப் பெட்டியும் வாரக்கணக்கில் கிடக்கலாம். உள்ளூர்ப் பெட்டியை முதலில் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டும்போது

ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். 12 மாதம் மொத்தமாகக் கட்டினால் விலை குறையும் என்பார்கள். குறையும்தான், பாட்டில்தான் கூடும்.

'சோதனைப் பெட்டி வெறும் 20 ராண்ட்' என்று வருகிறவற்றைச் சந்தேகத்தோடு பாருங்கள். அதற்குக் கொடுத்த கார்டில் அடுத்த மாதம் முழுத் தொகையும் போகும். தானாகப் புதுப்பிக்கும் என்பது பொடி எழுத்தில் எங்கோ இருக்கும். நான் மாட்டியதும் இப்படித்தான். மூன்று மாதம் என்று நினைத்துக் கட்டியது, நான்காவது மாதமும் பிடித்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் வங்கி செயலியில் கிடைக்கும் விர்ச்சுவல் கார்டைத்தான் கொடுக்கிறேன், அதற்கு ஒரு வரம்பும் போட்டு. கட்டிய நாளிலேயே கைபேசி காலண்டரில், அடுத்த தொகை பிடிக்கும் தேதிக்கு ஐந்து நாள் முன்னதாக 'பெட்டி வேண்டுமா?' என்று ஒரு நினைவூட்டலும் போட்டுவிடுகிறேன்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. இணையத்தில் வாங்கியதை 7 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம் என்று 2002ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து சேரும் அன்றாட உணவு, பானங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதை நம்பி ஆர்டர் போடாதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால், 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 20 வேலைநாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து வெளியே வரலாம். நியாயமான ஒரு ரத்துக் கட்டணம் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பேசித் தீராவிட்டால் நுகர்வோர் பொருள்கள், சேவைகளுக்கான ஆம்புட்ஸ்மன் என்ற புகார் தீர்ப்பாளர் இருக்கிறார். இதெல்லாம் உள்ளூர் நிறுவனத்திடம் எளிது. வேறு நாட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் இந்தச் சட்டத்தைக் காட்டி என்ன செய்ய?

எந்த மாதம், எந்த முகவரி

டர்பன் ஜனவரி எப்படி என்று தெரியும். சாக்லேட் உள்ள பெட்டியை டிசம்பரிலிருந்து மார்ச் வரை எடுக்காதீர்கள். என் இரண்டாவது பெட்டி நான் வேலைக்குப் போயிருந்தபோது வந்து, வாசல் காவலரின் தகரக் கூண்டில் மதியம் முழுக்க இருந்தது. மாலையில் அவர் அதை நேராகப் பிடிக்காமல் சாய்த்துக் கொடுத்தார். உள்ளே பெல்ஜியச் சாக்லேட் ஒரு மூலைக்கு ஓடி, பிஸ்கட்டையும் பாஸ்தா பாக்கெட்டையும் சேர்த்து ஒட்டிவிட்டது. உருகி மறுபடி உறைந்த சாக்லேட்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சை இல்லை, கொழுப்பு மேலே வந்தது. சாப்பிடலாம். நாங்கள் பாலில் போட்டுக் காய்ச்சிக் குடித்தோம்.

பகலில் வீட்டில் ஆள் இல்லையென்றால் அலுவலக முகவரி கொடுங்கள், அல்லது காய்ந்த பொருள் மட்டும் வரும் பெட்டியாக இருந்தால் புடோ லாக்கர் மாதிரி எடுத்துக்கொள்ளும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டிய பொருள் வரும் பெட்டியைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம். லோட்ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டைப் பார்த்த வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

புரட்டாசிக்கும் காவடி விரதத்துக்கும் பெட்டியை ஒரு மாதம் நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் 'ஸ்கிப்' என்று ஒரு பொத்தான் இருக்கும்.

பிரித்த பிறகு

எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்காதீர்கள். இந்த ஒன்றைச் செய்தாலே மிச்சம் பாதியாகக் குறையும். ஒரு பாட்டில் தீர்ந்த பிறகுதான் அடுத்த பாட்டில். திறந்த தேதியை மார்க்கரில் மூடியின் மேல் எழுதுங்கள். மூடிய பாட்டில் அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும், திறந்ததற்குத்தான் நாள் எண்ண வேண்டும். பெஸ்டோ சில நாளில் தீர வேண்டும். மிசோ என்ற ஜப்பானியச் சோயா விழுதும் கொச்சுஜாங் என்ற கொரிய மிளகாய் விழுதும் ஃப்ரிட்ஜில் மாதங்கள் தாங்கும். எண்ணெயில் போட்ட பூண்டு எதுவாக இருந்தாலும் வெளியே வைக்கவே கூடாது. நம் ஈரக்காற்றில் திறந்த பிஸ்கட் மறுநாளே நமத்துவிடும், முறுக்கு டின்னில் போட்டு வையுங்கள்.

பெட்டியோடு வரும் செய்முறை அட்டையை ஒருமுறை படித்துவிட்டு ஓரமாக வைக்கலாம். அதில் சொன்னபடி செய்யப் போனால் இன்னும் நான்கு பொருள் வாங்க வேண்டியிருக்கும். நாம் ஏற்கெனவே வாரா வாரம் சமைக்கிறதில் இது எங்கே நுழையும் என்று யோசியுங்கள்.

என் வீட்டில் தீர்ந்த விதம் இது. ஹரிஸா துனிசியாவில் காய்ந்த மிளகாய், பூண்டு, கொத்தமல்லி விதை, சீமைச் சோம்பு எல்லாம் அரைத்துச் செய்வது. 2022இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில்கூட ஏறிவிட்டது. எனக்கு அது சுகர் பீன்ஸ் கறியில் மிளகாய்த்தூளுக்குப் பதிலாக ஒரு கரண்டி. பூண்டு தனியாகத் தட்ட வேண்டியதில்லை. சாத்தர் என்றால் காட்டு மூலிகை, சுமாக் என்ற புளிப்புப் பொடி, எள், உப்பு. லெபனான்காரர்கள் ஆலிவ் எண்ணெயில் குழைத்து ரொட்டியில் தடவுகிறார்கள், நாங்கள் நல்லெண்ணெயில் குழைத்து இட்லிப்பொடி மாதிரி தோசைக்குத் தொட்டுக்கொண்டோம். சுமாக்கின் புளிப்பு மாங்காய்ப்பொடி மாதிரி நாக்கில் நிற்கும். இரண்டே வாரத்தில் டப்பா காலி. மிசோவைப் பருப்பு ரசத்தில் அடுப்பை அணைத்த பிறகு ஒரு ஸ்பூன் கரைத்தேன். உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும், முதல் தடவை குறைக்காமல் போட்டுக் கெடுத்தேன்.

கொச்சுஜாங்தான் என் வீட்டில் நிரந்தரமாகிவிட்டது. தக்காளிச் சாஸில் வரும் பில்சர்ட் டின், இரண்டு வெங்காயம், கறிவேப்பிலை, கொஞ்சம் புளித்தண்ணீர். வெங்காயம் பொன்னிறமானதும் மிளகாய்த்தூளைப் பாதி குறைத்து, கொச்சுஜாங் ஒரு மேசைக்கரண்டி. அந்த விழுதில் இருக்கும் லேசான இனிப்பு எண்ணெயில் பட்டு ஓரத்தில் கருக ஆரம்பிக்கும்போது டின்னைக் கவிழ்க்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் அடிபிடிக்கும். மீன் உடையாமல் ஐந்து நிமிடம், மேலே கொத்தமல்லி. ரொட்டிக்கு அவ்வளவு பொருத்தம்.

சரி, எல்லாமே இப்படி அமையாது. ஒரு பெட்டியில் இத்தாலியிலிருந்து போலெண்டா வந்தது, துணிப்பையில், கயிறு கட்டி. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளங்கையில் கொட்டி, விரலால் நெருடிப் பார்த்தார். "இது நம்ம மீலி மீல்தானே கண்ணா, கொஞ்சம் மஞ்சளா இருக்கு, அவ்வளவுதான். எங்க ஆயா அரிசி வாங்க முடியாதப்போ மீலி ரைஸ்தான் ஆக்குவாங்க. இதுக்கா இவ்வளவு காசு?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போலெண்டாவும் மக்காச்சோளம்தான், மீலி மீலும் மக்காச்சோளம்தான். அவர் அதில் தயிர் ஊற்றிப் புளித்த கஞ்சியாக்கி மறுநாள் காலை எனக்கே அனுப்பினார்.

அன்றிலிருந்து பெட்டியில் வரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்கிறேன்: இது விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் வேறு பெயரில் கிடைக்கிறதா? பாதிக்குப் பாதி கிடைக்கிறது. வெளிநாட்டுப் பெட்டிகளில் நம் செடர்பெர்க் மலையில் விளையும் ரூய்போஸ் என்ற மூலிகைத் தேயிலையைத் தங்கத்தாள் சுற்றி விற்கிறார்கள். நாம் அதைத் திரும்ப வரவழைத்துக் குடித்தால் சிரிப்பார்கள்.

நிறுத்துவதும் தொடர்வதும்

முதல் மாதக் கடைசியில் ஃப்ரிட்ஜையும் அலமாரியையும் திறந்து, பெட்டியில் வந்ததில் எது காலி, எது பாதி, எது திறக்கவே இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். திறக்காதது மூன்றுக்கு மேல் இருந்தால் அடுத்த மாதத்தை ஸ்கிப் செய்யுங்கள். இரண்டாவது மாதமும் அப்படியே என்றால் நிறுத்திவிடுங்கள். நிறுத்தும்போது கார்டை மட்டும் முடக்கினால் போதாது, கணக்குக்குள் போய்ச் சந்தாவையே ரத்து செய்து, உறுதி மின்னஞ்சல் வந்ததும் எடுத்துவைக்க வேண்டும்.

தொடர ஆசை, ஆனால் ஒரு பெட்டி அதிகம் என்றால் பங்கு போடுங்கள். நாங்கள் இப்போது மூன்று வீடு சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒரு பெட்டி எடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது பிரித்து, விழுதுகளைச் சின்ன டப்பாக்களில் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு தடவைச் சமையலுக்குத்தான் வரும், அதனால் தீர்ந்துவிடுகிறது. காலி பாட்டில்கள் ஆன்ட்டி வீட்டுக்குப் போகின்றன. மாங்காய்க் காலத்தில் அவை அச்சார் நிரம்பித் திரும்பி வருகின்றன.